மெட்ராஸ் ஐ: பார்த்தால் ஒட்டுமா, சாக்கடையால் வருமா?

புளியந்தோப்பிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழு பேர் வாழும் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்து மகன் சிவந்த கண்ணோடு வந்தான். ஒரு வாரம் கழித்து மகளுக்கு வந்தது. இப்போது மாமியாருக்கும் கண் சிவந்திருக்கிறது. எதிர் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள். அவருக்கு மூன்று கேள்விகள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா? வாசலில் பொங்கி வழியும் சாக்கடைதான் காரணமா? மழைக்காலம்தோறும் வருகிற இதை வராமலே தடுக்க முடியாதா?

நான் முப்பத்தோரு வருடம் சென்னையில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் மாமியார். மூன்று வாரத்துக்கு முன்புதான் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அறுவை செய்த கண் சிவந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று வீட்டில் முடிவு செய்துவிடக் கூடாது. இங்கிருந்தபடி நானும் முடிவு செய்யக் கூடாது. அறுவை செய்த மருத்துவமனைக்கோ எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ இன்றே அழைத்துப் போங்கள். வலியோ பார்வை மங்கலோ இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

இனி முதல் கேள்வி. பார்த்தால் ஒட்டாது. இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்றால், கண் சிவந்திருப்பது தெரியும் அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர், அதே கதவையும் அதே தண்ணீர்க் குவளையையும் தொடுகிற தூரத்தில்தான் நிற்கிறார். பார்வை வழியாக வந்தது என்று நாம் நினைக்கும் நோய் உண்மையில் கை வழியாக வந்திருக்கும். கண்ணீரிலும் பீளையிலும் வைரஸ் நிறைந்திருக்கிறது. கண் உறுத்துகிறது, கை தானாகப் போகிறது, கசக்குகிறது. அந்தக் கை அடுத்ததாகப் பஸ் கம்பியைப் பிடிக்கிறது, செல்பேசித் திரையைத் தடவுகிறது, குழாயைத் திருகுகிறது. அதே இடத்தைத் தொட்ட இன்னொருவர் யோசிக்காமல் தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் வழி. சளி இருமலோடு வரும் வகையில் எச்சில் துளிகளாலும் பரவும்.

சிவந்த கண் பெரும்பாலும் அடினோ வைரஸின் வேலை. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. உறையுள்ள வைரஸ்களை ஆல்கஹால் எளிதில் உடைத்துவிடும். இதனிடம் அந்த வேகம் செல்லாது. கொரோனா காலத்துப் பழக்கத்தில் கையில் சானிடைசரைத் தடவிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மெட்ராஸ் ஐக்கு அது போதாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவி, வைரஸைக் கையிலிருந்து அடித்துக்கொண்டு போகச் செய்ய வேண்டும். காய்ந்த மேசையிலும் கதவுப் பிடியிலும் அது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தொற்றிய ஐந்து நாள் முதல் பன்னிரண்டு நாளுக்குள் நோய் தலைகாட்டும். உங்கள் மகளுக்கு ஒரு வாரம் கழித்து வந்தது இந்தக் கணக்குதான்.

ஒரு வீட்டை மறக்க முடியவில்லை. வடசென்னையில் ஒற்றை அறை வீடு, மூன்று குழந்தைகள். பெரியவனுக்குக் கண் சிவந்து நான்கு நாள். நான் போனபோது காலை ஏழு மணி. இமைகள் ஒட்டிக்கொண்டு எழுந்த அவனை மடியில் கிடத்தி, அந்தப் பெண் தன் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துப் பீளையைத் துடைத்தாள். மென்மையாக, அவனுக்கு வலிக்காமல் துடைத்தாள். அடுத்து இரண்டாவது பெண் குழந்தை மூக்கு ஒழுகியபடி வந்தது. அதே முந்தானை. கைக்குழந்தை சிணுங்கியது, முகம் துடைக்கப்பட்டது, அதே நுனி. பிறகு அடுப்புப் புகையில் கலங்கிய தன் கண்ணையும் அதாலேயே ஒற்றிக்கொண்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணை விடப் பொறுப்பான தாயை நான் பார்த்ததில்லை. நோயைப் பரப்பியது அவளுடைய அக்கறைதான். அன்றைக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: பழைய வேட்டியைக் கிழித்துக் கைக்குட்டை அளவுத் துணிகளாக்கு, ஒரு துணி ஒரு கண்ணுக்கு, ஒரு முறை துடைத்தால் அது கொதிநீருக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் போனேன். கைக்குழந்தைக்கு வரவில்லை.

மெட்ராஸ் ஐ என்ற பெயர் நம் ஊரோடு ஒட்டிக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் 1805-இல் தொடங்கியதற்கே, எகிப்துப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் கொண்டுவந்த தொற்றுக் கண்நோய் ஒரு காரணம். எழும்பூரில் பணியாற்றிய கிர்க்பாட்ரிக் என்ற மருத்துவர், மெட்ராஸில் கூட்டம் கூட்டமாக வந்த ஒரு கருவிழி நோயைப் பற்றி 1920-இல் எழுதினார். அடினோ வைரஸை ஆய்வகத்தில் பிரித்தெடுத்தது 1953-இல்தான். இங்கே கவனித்து எழுதி வைக்க ஆள் இருந்ததால் இந்த ஊரின் பெயர் அதற்கு நின்றுவிட்டது.

மருத்துவமனைகளும் பரப்பும். இதை நான் மறைக்க மாட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-லும் 1942-லும், ஹவாயிலும் அமெரிக்கக் கடற்கரைக் கப்பல் கட்டும் தளங்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குக் கண் சிவந்தது. ‘கப்பல்துறைக் கண்’ என்றே அதற்குப் பெயர். இரும்புத் துகள் விழுந்த கண்ணோடு முதலுதவி அறைக்கு வந்தவர்களுக்கு, ஒருவர் கண்ணைத் தொட்ட கருவியும் கையும் சொட்டு மருந்துக் குப்பியும் அடுத்தவர் கண்ணைத் தொட்டதால் பரவியது. நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இப்படி ஒன்று நடந்தது. புற நோயாளிப் பிரிவில் பதிவேட்டின் பக்கத்தில் ஒரு பேனா நூலில் கட்டித் தொங்கும். கண் சிவந்து வருகிற ஒவ்வொருவரும் கண்ணைத் துடைத்த கையால் அதைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். சர்க்கரை நோய்க்காகக் கண் பரிசோதனைக்கு வந்தவர்களும் அதே பேனாவைப் பிடித்தார்கள். அந்த மழைக்காலத்தில் எங்களில் ஐந்து பேருக்கு வந்த பிறகுதான் நூலை அறுத்தோம். ஆகவே மருத்துவரோ உதவியாளரோ கை கழுவாமல் உங்கள் இமையைத் தொட வந்தால், கழுவிவிட்டு வரும்படி தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கண் சிவந்தவருக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. கொடியில் எல்லாத் துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால் தனித் துண்டு என்பதில் பொருளில்லை. அதை வேறிடத்தில், முடிந்தால் வெயிலில், காயப்போடுங்கள். தலையணை உறையைத் தினமும் மாற்றி வெந்நீரில் அலசுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, துணியை உடனே தனியாகப் போடுங்கள். துடைத்தவர் அந்த நொடியே கை கழுவ வேண்டும். கதவுப் பிடி, குழாய், தொலைக்காட்சியின் ரிமோட், செல்பேசி ஆகியவற்றைத் துடைப்பது எல்லோருக்கும் மறந்துபோகிறது. கருப்புக் கண்ணாடி பரவுவதைத் தடுக்காது. ஆனால் கூச்சத்தைக் குறைக்கும், கை கண்ணுக்குப் போவதையும் தடுக்கும், அதனால் போட்டுக்கொள்ளலாம். கண் சிவந்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் வரை தொற்றவைக்கும் ஆற்றல் இருக்கும். மகனைச் சிவப்பும் நீர் வடிதலும் நிற்கும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு இப்படிச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், பையில் ஒரு சோப்புத் துண்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்து விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். ஒரு குப்பி வாங்கி வீடு முழுக்க ஊற்றிக்கொள்கிறார்கள். குப்பியின் நுனி இமையிலோ பீளையிலோ பட்டுவிட்டால், அடுத்தவருக்கு ஊற்றுவது மருந்து கிடையாது, நோய். ஒருவருக்கு ஒரு குப்பி, திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போடுங்கள். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் சொட்டு வேலை செய்யாது. பெரும்பாலான மெட்ராஸ் ஐ ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே அடங்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் ஆபத்து. அது சிவப்பை இரண்டே நாளில் மறைக்கும், உள்ளே கருவிழியில் புண் இருந்தால் அதை ஆழமாக்கும். நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று ஊற்றுவதையும் நிறுத்துங்கள். அம்மாக்களும் பாட்டிமார்களும் அன்போடு செய்தது என்று தெரிந்தே சொல்கிறேன். செடியிலும் கையிலும் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் நேராகக் கருவிழிக்குப் போகின்றன. நம் தென்னிந்தியாவில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் மிக அதிகம், ஆற்றுவதும் மிகக் கடினம். குழந்தைக்கு விரலால் கண்மை தீட்டும் வழக்கமும் இதே பட்டியலில்தான் வருகிறது.

இரண்டாவது கேள்வி சாக்கடை. மெட்ராஸ் ஐ நேராகச் சாக்கடையிலிருந்து கிளம்பி வருவதில்லை. ஆனால் சாக்கடைக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். இதைப் புரிந்துகொள்ள டிரக்கோமா என்ற நோயின் கதை வேண்டும். கிளாமிடியா என்ற பாக்டீரியாவால் வருவது. குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்பத் தொற்றி, மேல் இமையின் உட்புறத்தில் தழும்பு விழும். வருடங்கள் கழித்து இமை உள்பக்கம் சுருண்டுவிடும். கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் சொந்த இமைமயிரே கருவிழியை உரசும். நாளாக நாளாகக் கருவிழி வெளுத்துப் பார்வை போய்விடும். பெண்களுக்கு ஆண்களைவிட நான்கு மடங்குவரை இதனால் பார்வை இழப்பு வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளைத் தூக்கி வைத்துத் துடைப்பவர்கள் அவர்கள்தானே. அந்த முந்தானையை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரக்கோமாவைக் கொண்டுபோவது மூன்று: விரல், துணி, ஈ. குழந்தையின் கண்ணோரத்தில் மொய்க்கும் ஈ வகை ஒன்று, திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில்தான் முட்டையிட்டுப் பெருகுகிறது. கழிப்பறை கட்டி மூடி வைத்தால் அதற்குப் பிறக்க இடமில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தில் அறுவை சிகிச்சை, ஆன்டிபயாடிக் மாத்திரை ஆகிய இரண்டோடு, குழந்தைகளின் முகச் சுத்தமும் தண்ணீர் கழிப்பறை வசதியும் சம பங்காளிகளாக இடம்பெற்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆன்டிபயாடிக் கண்டுபிடிக்கப்படும் முன்பே, வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் வந்தபோதே இந்த நோய் பின்வாங்கத் தொடங்கியது. நம் நாடு 1963-இல் தேசிய டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சாப், ராஜஸ்தான் போன்ற வறண்ட வட மாநிலங்களில் அதன் கொடுமை அதிகம். 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து டிரக்கோமாவை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அறுபது வருட உழைப்பு. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன்.

வராமலே தடுக்க முடியாதா என்ற மூன்றாவது கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் குடியிருப்பிலும் அதே கணக்குதான் ஓடுகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் முதலில் வெட்டப்படுவது எது? சமையல் கிடையாது, குடிநீர் கிடையாது. கை கழுவுவதும் முகம் கழுவுவதும் துணி அலசுவதும்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே லாரியின் பின்னால் குடத்தோடு ஓடியபோது இதைக் கண்கூடாகப் பார்த்தேன். முகாமுக்கு வந்த குழந்தைகளின் மூக்கோரம் காய்ந்த சளி, கண்ணோரம் காய்ந்த பீளை. தாய்மார்களிடம் கேட்டால் ‘தண்ணி ஏதும்மா’ என்ற ஒரே பதில்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர்களுக்குச் செய்து காட்டினேன், உங்களுக்கும் சொல்கிறேன். முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீர் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு சொம்பு எடுத்துக்கொண்டேன். ஒரு குழந்தையின் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிச் சோப்பு, மறுபடி கொஞ்சம் ஊற்றிக் கை சுத்தம், மறுபடி இரண்டு கை நிறைய, முகம் சுத்தம். அந்த ஒரு சொம்பில் மூன்று குழந்தைகள் முடிந்தன, அடியில் மிச்சமும் இருந்தது. முக்கியமானது அளவைவிட ஊற்றும் விதம். டிரம்முக்குள் கையை விட்டு அள்ளினால் ஒருவர் கையில் உள்ளது எல்லோருக்கும் போகிறது. நீளக் கைப்பிடி உள்ள கோப்பையால் மொண்டு, மேலிருந்து ஊற்றுங்கள். பழைய தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். குழந்தைகள் விளையாட்டாகவே கை கழுவும்.

சாக்கடை பொங்குவதில் இன்னொரு பயமும் உண்டு. தேங்கிய வெள்ளத்தில் எலிச் சிறுநீர் கலக்கும். அதிலுள்ள லெப்டோஸ்பைரா கிருமி காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவோ கண்ணின் மேற்படலம் வழியாகவோ உடலுக்குள் போகும். காய்ச்சல் வந்து போய், பல வாரங்கள் கழித்துச் சிலருக்கு விழிக்குள்ளே அழற்சி தலைதூக்கும். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்த பிறகு இப்படிக் கூட்டமாகக் கண் அழற்சி வந்ததை மதுரை மருத்துவர்கள் கண்டறிந்து, மருத்துவ உலகத்துக்கே அதைப் பாடமாக்கினார்கள். ஆகவே மழை வெள்ளத்தில் நடந்த கால்களைச் சோப்பால் கழுவுங்கள், அழுக்குக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வெள்ளத்துக்குச் சில வாரம் கழித்து வலியோடு கண் சிவந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குப்பையும் அடைப்பும் எலிகளை வளர்க்கும். அதற்குச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். ஒருவர் பத்து முறை சொல்வதைவிடப் பத்து வீட்டுக்காரர்கள் ஒரு முறை சொன்னால் ஆள் சீக்கிரம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண மெட்ராஸ் ஐயில் உறுத்தல், நீர் வடிதல், காலையில் இமை ஒட்டுதல், சில சமயம் காதுக்கு முன்னால் நெறி கட்டுதல் இருக்கும். பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டாலோ, வலி குத்தினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அதைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அமீபா வகைக் கிருமி கருவிழியில் குடியேறக்கூடும். பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் வந்தால் அது அவசரம். ஒரு நாளும் தள்ளக் கூடாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர் 1880-இல், புதிதாகப் பிறந்த குழந்தைகளின் கண்ணைத் துடைத்துச் சில்வர் நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கியதும், நூற்றுக்குப் பத்து என்ற அளவில் இருந்த அந்தச் சீழ் நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

எதிர் வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை, கை கழுவினால் போதும். உங்கள் தாழ்வாரத்துப் பொதுக் குழாயில் சோப்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வெங்காயம் வாங்கி வரும் வலைப்பையில் ஒரு சோப்பைப் போட்டு, முடிச்சிட்டு, குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வலையோடு சேர்த்துத் தேய்த்தாலே நுரை வரும், கீழே விழுந்து கரையாது. இரண்டு மூன்று நாளில் யாராவது அவிழ்த்துக்கொண்டு போகக்கூடும். போனால் இன்னொன்று கட்டுங்கள்.